குதிரையில்லாத கௌபாய்கள்

1873ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று காரியங்கள் நடந்தன. கோல்ட் கம்பெனியின் ஆறு குண்டு ரிவால்வரை ராணுவம் ஏற்றுக்கொண்டது. வின்செஸ்டர் கம்பெனி, விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் ரைஃபிள் ஒன்றை வெளியிட்டது. மே 20ஆம் தேதி, லீவை ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் கால்சட்டைப் பையின் மூலைகளில் உலோகக் குமிழ் அடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். மூன்றையும் ஒரே ஆள்மீது மாட்டி, தலையில் ஒரு தொப்பியையும் வைத்துவிட்டால் கௌபாய் தயார்.

மாட்டு மந்தைகளை டெக்சாஸிலிருந்து வடக்கே ரயிலடிக்கு ஓட்டிச் சென்ற அசல் கௌபாய்களின் பொற்காலம் இருபது ஆண்டுகூட முழுசாக நீடிக்கவில்லை. 1867இல் கான்சாஸின் அபிலீன் ஊரில் மாட்டுச் சந்தை தொடங்கியபோது சூடு பிடித்த தொழில், 1886-87 குளிர்காலப் பனியில் மந்தை மந்தையாக மாடுகள் செத்து விழுந்தபோது முடங்கியது. அவர்களைப் போல உடுத்தி, அவர்கள் காலத்துத் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுடும் ‘கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்’ என்ற விளையாட்டோ நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. நகல் அசலைவிடத் தீர்க்காயுசு.

விளையாட்டு பிறந்த இடம் மேய்ச்சல் நிலமில்லை. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால்.

1981இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஹார்பர் கிரே என்பவர் பழைய கௌபாய் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் துப்பாக்கிகளை வைத்தே ஒரு போட்டி நடத்தினால் என்ன என்று தோன்றியது, நண்பர்களைக் கூப்பிட்டார். ஆரஞ்சு கவுண்டியில் உள்ள கோட்டோ டி காசா சுடுதளத்தில் கூடினார்கள். மறு ஆண்டே, 1982இல், ‘எண்ட் ஆஃப் டிரெயில்’ என்ற பெயரில் முதல் பெரிய போட்டி நடந்தது. மந்தையை ஓட்டிக்கொண்டு போய்ச் சேரும் கடைசி இடம் என்று அதற்குப் பொருள். 1987இல் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி’ என்ற சங்கம் முறைப்படி பதிவானது. பின்னாளில் அதன் உறுப்பினர் வரிசை எண் ஒரு லட்சத்தைக் கடந்தது.

இந்த நண்பர்கள் துப்பாக்கிக்குப் புதியவர்கள் இல்லை. ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் கடற்படைக் காலாட்படை அதிகாரி 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிக் கரையில் நடத்திய வேகச் சுடுதல் போட்டிகளிலிருந்து ஒரு நவீன விளையாட்டு வளர்ந்து, 1976இல் சர்வதேசச் சங்கமாகியிருந்தது. நடைமுறைத் தற்காப்புக்கு என்று தொடங்கியது, போகப்போகப் பந்தயக் கார் மாதிரி ஆயிற்று. யாரிடம் புதிய கருவி இருக்கிறதோ அவர் முன்னால். அந்த ஓட்டத்தில் சலித்தவர்களுக்குப் பழைய துப்பாக்கி ஒரு விடுதலையாகப் பட்டது. நூறு ஆண்டுக்கு முந்திய பொறியை எவ்வளவுதான் மேம்படுத்திவிட முடியும்? (முடியும் என்று அவர்களே பிறகு காட்டினார்கள். ரைஃபிள் வளையம் நகரும் தூரத்தைக் குறைப்பதற்கென்றே தனி உறுப்புகள் விற்பனைக்கு வந்தன. மனித சுபாவம்.)

ஆசைப்பட்டவுடன் துப்பாக்கி எப்படிக் கிடைத்தது? இதிலும் சினிமாவின் கைதான் தெரிகிறது. கோல்ட் கம்பெனி தன் 1873 ரிவால்வரை இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் கைவிட்டிருந்தது. ராணுவமும் போலீசும் எப்போதோ வேறு ஆயுதத்துக்கு மாறிவிட்டிருந்தன. 1950களில் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்தது. கூடவே கௌபாய் தொடர்களும் வந்தன. 1955இல் தொடங்கிய ‘கன்ஸ்மோக்’ இருபது ஆண்டு ஓடியது. மக்கள் கடைக்குப் போய் அந்தத் துப்பாக்கியைக் கேட்டார்கள். அந்தத் தேவையை முதலில் மோப்பம் பிடித்தது கோல்ட் இல்லை. 1953இல் ரூகர் கம்பெனி சிறுரகக் குண்டு போடும் ரிவால்வர் ஒன்றைச் செய்தது. 1955இல் பெரியதைக் கொண்டுவந்தது. இடையில் 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘கிரேட் வெஸ்டர்ன்’ என்ற கம்பெனி அச்சு அசலான நகலோடு வந்தது. அதற்குப் பிறகுதான் கோல்ட் விழித்துக்கொண்டு பழைய மாதிரியை மறுபடி வார்க்கத் தொடங்கியது.

பெரிய அளவில் கை கொடுத்தது இத்தாலி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய சமயம், நேவி ஆர்ம்ஸ் என்ற கம்பெனியை நடத்திய வால் ஃபோர்கெட், பழைய கோல்ட் துப்பாக்கிகளின் நகல்களைச் செய்து தர ஆள் தேடி வடக்கு இத்தாலிக்குப் போனார். பிரெஷா நகருக்கு மேலே, கார்டோனே ஊர் இருக்கும் பள்ளத்தாக்கில், தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்யும் பட்டறைகள் இருந்தன. 1959இல் அங்கே தொடங்கிய ஊபெர்ட்டியின் பெயர் இன்று சுடுதளத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காதில் விழும்; அதே பகுதியின் பியேட்டா இன்னொன்று.

தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் நாம் படித்து வளர்ந்த டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர்தான். எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் ‘கங்கா’வில் தொப்பியும் துப்பாக்கியுமாக வந்ததற்கு முன்னாலேயே, இத்தாலிக்காரர்கள் ஸ்பெயினின் பொட்டல்வெளியில் டெக்சாஸைக் கட்டிப் படம் எடுத்து உலகம் முழுக்க ஓட்டியிருந்தார்கள். படம், சித்திரக் கதை, துப்பாக்கி என்று கௌபாயின் மூன்று பிழைப்பையும் அந்த நாடு எடுத்துக்கொண்டது.

போட்டியாளர் ஒருவருக்கு நான்கு துப்பாக்கிகள் வேண்டும். இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன். பெரும்பாலோர் கொண்டுவருவது பக்கம் பக்கமாகக் குழல் வைத்த இரட்டைக்குழல். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டரின் 1887, 1897 மாதிரிகளுக்கும் அனுமதி உண்டு. ரிவால்வர் ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ வகையாக இருப்பது கட்டாயம். அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் கட்டை விரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திய பிறகே விசையை அழுத்த முடியும். குண்டின் பின்பக்கம் போய் அடிக்கும் அந்தச் சுத்திக்குத் தமிழில் பழைய பெயர் ‘குதிரை’. இந்தச் சுடுதளத்தில் இருக்கும் ஒரே குதிரை அதுதான். நிஜக் குதிரைமேல் இருந்து சுடும் போட்டி 1990களில் தனி விளையாட்டாகப் பிரிந்துபோயிற்று.

அந்தக் குதிரைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1873 கோல்டில் குதிரையின் முனையிலேயே ஊசி இருக்கும். ஆறு அறையிலும் குண்டு போட்டால் ஊசி ஒரு குண்டின் முதுகில் நேராக உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி கீழே விழுந்தால் போதும், வெடித்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போட்டார்கள். ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, குதிரையை முழுக்க இழுத்துக் காலி அறையின்மேல் இறக்கு: இதுதான் கணக்கு. 1973இல் ரூகர் இந்த ஆபத்து இல்லாத ஒரு பொறியை வைத்துவிட்டது. 1993இல் இந்த விளையாட்டுக்காரர்களைக் குறிவைத்தே ‘வக்கேரோ’ என்ற ரிவால்வரையும் இறக்கியது. அதில் ஆறும் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் போட்டியில் எல்லாருக்கும் ஐந்துதான். இரண்டு ரிவால்வருக்குப் பத்து, ரைஃபிளுக்குப் பத்து, ஷாட்கனுக்கு நாலோ ஆறோ என்பது ஒரு சுற்றின் வழக்கமான கணக்கு.

ரைஃபிளில் இன்னொரு வேடிக்கை. 1873 வின்செஸ்டரின் உள்ளே முழங்கால்போல் மடங்கி நிமிரும் ஒரு மூட்டு இருக்கிறது. பலமான மருந்தை அது தாங்காது. அதனால்தான் பிரவுனிங் 1892இல் வலுவான மாதிரியை வடிவமைத்துக் கொடுத்தார். போட்டியிலோ ரைஃபிள் குண்டின் வேகம் நொடிக்கு 1,400 அடியைத் தாண்டக்கூடாது, ரிவால்வர் குண்டு 1,000 அடியைத் தாண்டக்கூடாது, குண்டு வெறும் ஈயமாக இருக்க வேண்டும். இலக்கு சில கெஜத்தில் நிற்கும் இரும்புத் தகடு. கடினக் குண்டு என்றால் சுட்டவர்மீதே தெறிக்கும். இந்த மென்மையான தோட்டாவுக்கு வலிமை தேவையில்லை, வழுக்கிக்கொண்டு ஓடும் பொறிதான் தேவை. நோஞ்சான் என்று ஒதுக்கப்பட்ட மூட்டு இப்போது ராஜா. புதிதாக வருகிறவர் இத்தாலிய 1873 நகலையும் ‘தேர்ட்டி எய்ட் ஸ்பெஷல்’ தோட்டாவையும் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் காரணம்: உதைப்பு குறைவு, செலவும் குறைவு, ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே பெட்டி போதும்.

கருமருந்துப் பிரியர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பிரான்சில் 1884இல் புகையில்லாத மருந்து கண்டுபிடிக்கப்படும்வரை உலகமே புகைக்குள்தான் சுட்டது. இரண்டு குண்டுக்குள் வெள்ளைப் புகை தகட்டை மறைத்துவிடும். மூன்றாவதை ஞாபகத்தில் சுட வேண்டும். சாயங்காலம் துப்பாக்கியைச் சோப்புத் தண்ணீரில் கழுவுகிற வேலையும் சேர்ந்துகொள்ளும்.

உடை விஷயத்தில் சங்கம் கண்டிப்பு. பேஸ்பால் தொப்பி கூடாது. விளையாட்டுக் காலணி கூடாது. ஆண்களுக்கு அரைக்கைச் சட்டை கூடாது. நைலானும் வெல்க்ரோவும் கண்ணில் படக்கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி உடை ஒரு வழி. பழைய கௌபாய் படத்தின் உடை இன்னொரு வழி. இரண்டாவதை வெளிப்படையாகவே ஒரு பிரிவாக வைத்திருப்பது இந்த விளையாட்டின் நேர்மை என்று சொல்ல வேண்டும். கௌபாய் உடை என்று நம் கண்ணில் நிற்பதில் பாதி சினிமா செய்தது.

தொப்பியையே எடுத்துக்கொள்ளலாம். ஜான் ஸ்டெட்சன் 1865இல் ஃபிலடெல்ஃபியாவில் தொப்பித் தொழில் தொடங்கியதும், அவருடைய அகன்ற விளிம்புத் தொப்பி மேற்கே ஓடிப் பரவியதும் உண்மை. ஆனால் 1900இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் ஊரில் புட்ச் காசிடியும் அவருடைய கொள்ளைக் கூட்டாளிகளும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற படத்தில் ஐந்து பேர் தலையிலும் இருப்பது உருண்டையான பௌலர் தொப்பி. லண்டன் குமாஸ்தா மாதிரி இருக்கிறார்கள். மேற்கை வென்ற தொப்பி பௌலர்தான் என்று லூசியஸ் பீபி என்ற பத்திரிகையாளர் வாதாடியதும் உண்டு. டிச் பட்டன் வைத்த கௌபாய் சட்டை இன்னும் புதியது. டென்வரில் ஜாக் வெய்ல் 1946இல் தொடங்கிய ராக்மவுண்ட் கம்பெனிதான் அதை ஊரறியச் செய்தது. 2008இல் தம் 107ஆம் வயதில் இறக்கும்வரை அவர்தான் அதன் தலைவர்.

தொடைவரை இறங்கித் தொங்கும் துப்பாக்கி உறையும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அசல் உறைகள் இடுப்பில் உயரமாக, ஆழமாக இருந்தன. குதிரைமேல் போகிறவருக்குத் துப்பாக்கி கீழே விழாமல் இருந்தால் சரி. உலோகத் தகடு உள்ளே வைத்த வேக உறையைப் பிரபலமாக்கியவர் ஆர்வோ ஒஜாலா. ‘கன்ஸ்மோக்’ தொடக்கக் காட்சியில் வாராவாரம் சுடப்பட்டு விழுந்தவரும் அவரேதான்.

உடைக்குப் பிறகு பெயர். ஒவ்வொருவருக்கும் புனைபெயர் கட்டாயம். ஒருவர் பதிந்த பெயரை மற்றவர் வைத்துக்கொள்ள முடியாது. ஹார்பர் கிரே எடுத்துக்கொண்டது ஜட்ஜ் ராய் பீன். டெக்சாஸின் லாங்ட்ரியில் தன் சாராயக் கடையையே கோர்ட்டாக நடத்திய ஆசாமியின் பெயர் அது. புதிதாகச் சேருகிறவர்கள் துப்பாக்கியைவிடப் பெயருக்குத்தான் அதிக நாள் யோசிக்கிறார்கள் போலும். நல்ல பெயரெல்லாம் முன்னாலேயே போய்விட்டது.

இனி சுடும் முறை. சுற்று தொடங்குமுன் போட்டியாளர் ஏதாவது ஒரு படத்தின் வசனத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். கடிகாரம் ‘பீப்’ என்றதும் ஓட்டம். எந்தத் தகட்டை எந்த வரிசையில் அடிப்பது என்பது எழுதி வைத்திருக்கும். பக்கத்தில் மூன்று பேர் நின்று எண்ணுவார்கள். இரண்டு பேர் தவறியது என்றால்தான் தவறியது. தவறிய குண்டு ஒன்றுக்கு ஐந்து நொடி கூடும், வரிசை மாறினால் பத்து நொடி. தேர்ந்தவர்கள் இருபத்துச் சொச்சம் குண்டுகளை இருபது நொடிக்குள் முடித்துவிடுகிறார்கள். 1881 அக்டோபர் 26இல் டூம்ஸ்டோன் ஊரில் ஓ.கே. கொரால் அருகே நடந்த, ஆயிரம் படத்துக்குத் தாயான சண்டையில் இரு தரப்பும் சேர்ந்து முப்பது நொடியில் முப்பது குண்டு அளவுக்குத்தான் சுட்டார்கள்.

அந்தச் சண்டைக்கு ஒரு காரணம், ஊருக்குள் ஆயுதம் ஏந்தக்கூடாது என்ற நகரசபை விதி. படத்தில் இதை அழுத்திச் சொல்வது குறைவு. டாட்ஜ் சிட்டியிலும் இதே தடை இருந்தது. அந்த வகையில் இன்றைய சுடுதளம் திரையைவிட அசல் மேற்குக்கு நெருக்கமானது. இங்கேயும் நாள் முழுக்க எல்லாத் துப்பாக்கியும் காலி. ஏற்றும் மேசையில், இன்னொருவர் கண் முன்னால்தான் தோட்டா போடலாம். சுட்டு முடித்ததும் இறக்கும் மேசைக்குப் போய், காலி என்று காட்டிய பிறகே நகரலாம்.

சேர நினைக்கிறவருக்கு அனுபவசாலிகள் சொல்வது ஒன்றுதான்: முதல் நாள் எதையும் வாங்காதே, வந்து பார். கண்ணாடியும் காதடைப்பானும் பார்வையாளருக்கும் கட்டாயம், அவை மட்டும் போதும். இரண்டாம் முறை வரும்போது யாராவது தங்கள் நான்கு துப்பாக்கியையும், ஒரு பிடி தோட்டாவையும் கையில் கொடுத்து நிற்க வைத்துவிடுவார்கள். இந்தக் கூட்டத்தில் அது சாதாரணம். துப்பாக்கி, உறை, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர ஓரிரு ஆண்டு ஆகும். கடைசியாகச் சேர்வது ஒரு மரத் தள்ளுவண்டி. நான்கு துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் தண்ணீரையும் சுற்றுக்குச் சுற்று சுமக்க முடியாது. கடையில் கிடைத்தாலும் பலர் அதைத் தங்கள் வீட்டுக் கொட்டகையில், தங்கள் கையாலேயே செய்துகொள்கிறார்கள்.