ஏழு பிட்டுக்குள் அடங்கிய சீனம்

1987 செப்டம்பரில் பெய்ஜிங்கிலிருந்து ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. சீனாவின் முதல் மின்னஞ்சல் என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். பெருஞ்சுவரைத் தாண்டி உலகின் மூலைமுடுக்கையெல்லாம் எட்டலாம் என்று பெருமிதத்தோடு அறிவித்த அந்தக் கடிதம் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் எழுதப்பட்டிருந்தது. சீன எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை. அதனால் அன்றைய கணினிகளுக்குச் சீனமே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. 1981இல் சந்தைக்கு வந்த ஜெராக்ஸ் ஸ்டார், எழுத்தும் படமும் கலந்த ஆவணத்தை அப்படியே அஞ்சலில் அனுப்பியது. ஜெராக்ஸின் ஜோசப் பெக்கர் போன்றோர் வளர்த்த 16 பிட் குறிமுறையில் சீனத்துக்கும் இடம் இருந்தது. ஆனால் ஒரு ஸ்டாரின் விலை 16,595 டாலர். அதே ஆண்டு வந்த ஐபிஎம் பிசியின் தொடக்க விலை 1,565 டாலர். எல்லாம் அறிந்த அந்த இயந்திரத்தைவிட, ஒன்றும் அறியாத இந்த மலிவுப் பெட்டிதான் சீன மின்னஞ்சலுக்குப் பாதை போட்டது. அதுவும் தன் போதாமையாலேயே போட்டது என்பது என் கட்சி.

அந்தப் போதாமை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1980இல் சீன அரசு வகுத்த ஜிபி 2312 தரத்தில் 6,763 சீன எழுத்துகள். ஒவ்வொன்றையும் 16க்கு 16 புள்ளிக் கட்டத்தில் வரைய 32 பைட் வேண்டும். மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் பைட்டுக்கு மேல். பிசியின் வழக்கமான நினைவக வரம்பான 640 கிலோபைட்டில் மூன்றில் ஒரு பங்கை எழுத்துருவே விழுங்கிவிட்டால் மற்ற நிரல்கள் எங்கே போகும்? 1983இல் வந்த சிசிடாஸ் என்ற சீன இயங்குதளம் இந்தச் சுமையோடுதான் ஓடியது. 1985இல் நி குவாங்நான் உருவாக்கிய ‘லியன்ஷியாங்’ அட்டை, எழுத்துருவைத் தனிச் சில்லில் ஏற்றிப் பிசிக்குள் செருகியது. பின்னாளில் லெனோவோ என்று உலகறிந்த நிறுவனம் எழுந்து நின்றது அந்த அட்டையின் விற்பனையில்தான். வடிவம் அட்டையிலேயே இருப்பதால் கம்பி வழியே வடிவத்தை அனுப்பத் தேவையில்லை, எண்ணை அனுப்பினால் போதும் என்றானது.

அந்த எண்ணும் எளிதில் போய்ச் சேரவில்லை. 1982இன் எஸ்எம்டிபி என்ற அஞ்சல் விதி ஒரு பைட்டில் 7 பிட்டைத்தான் உறுதியளித்தது. பிசியில் சீனத்தைப் பிரித்துக் காட்டியதோ எட்டாவது பிட். வழியிலுள்ள சில கணினிகள் அதை வெட்டிவிட, கடிதம் கந்தலாகப் போய்ச் சேரும். மொழி மாறும் இடத்தைக் காட்ட ஜப்பானியர் கையாண்ட எஸ்கேப் குறியையும் சில இடங்களில் பிடுங்கிவிடுவார்கள். 1989இல் ஃபங் ஃபங் லீ வகுத்த ஹெச்இசட் முறை இங்கேதான் கைகொடுத்தது. எட்டாவது பிட்டைத் தானே உரித்துப்போட்டுவிட்டு, சீனம் தொடங்கும் இடத்தில் அலைக்குறியும் திறக்கும் நெளிவு அடைப்பும், முடியும் இடத்தில் அலைக்குறியும் மூடும் அடைப்பும் வைத்தது. ‘நடு’ என்று பொருள்படும் ‘ஜோங்’ எழுத்து வி, பி என்ற இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகளாகப் பயணம் செய்தது. வரி முடிவதற்குள் சீனத்தை மூடிவிட வேண்டும் என்பது விதி. ஒரு வரி சிதைந்தாலும் அடுத்த வரி பிழைத்துக்கொள்ளும். எவ்வளவு நயமான சிக்கனம்!

இவ்வளவு பாடு எதற்கு, கடிதத்தைப் படமாகவே அனுப்பியிருக்கலாமே, தொலைநகல் அதைத்தானே செய்தது என்று கேட்கலாம். ஐந்நூறு எழுத்துள்ள ஒரு பக்கம் புள்ளிப்படமாக 16,000 பைட், குறியாக 1,000 பைட். 2,400 பிட் மோடத்தில் முதலாவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல், இரண்டாவதற்கு நான்கு விநாடி சொச்சம். படத்தில் சொல்லைத் தேடவும் முடியாது, வரியை எடுத்துப் பதிலில் சேர்க்கவும் முடியாது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஹெச்இசட் இன்று வழக்கில் இல்லை, வென்றது பெக்கரும் சேர்ந்து தொடங்கிய யூனிகோடு, ஆக, ஸ்டாரின் வழிதானே சரி? பாதி ஒப்புக்கொள்கிறேன். தைவானின் பிக்5 முறையில் 13,000க்கு மேற்பட்ட எழுத்துகள். ஜிபிக்காகத் தைத்த சட்டை அதற்குப் பொருந்தவில்லை. ஒரே குறிமுறைக்குள் எல்லாரையும் சேர்க்க மலிவு வழியால் முடியவில்லை. ஆனால் அனுப்பும் முறையில் வென்றது சிக்கனக்காரர்களின் வழிதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ என்ற அஞ்சல் முறையில் படமும் ஒலியும் அனுப்பிப் பழகிய நத்தானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீடுடன் 1992இல் மைம் தரத்தை வகுத்தபோது பழைய 7 பிட் கம்பியை மாற்றச் சொல்லவில்லை. படத்தையும் பாட்டையும் சாதாரண எழுத்துகளாக உடைத்து, இது இன்ன வகை, இன்ன குறிமுறை என்று தலைப்பில் ஒரு சீட்டு ஒட்டினார்கள். 1995இல் ஹெச்இசட் முறையான இணைய ஆவணமாக வெளியானபோது அந்தச் சீட்டில் அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது. இன்றும் யூடிஎஃப்-8 சீனக் கடிதம் பேஸ்64 ஆக உடைந்து போகும்போது ஒரு சீன எழுத்துக்கு நான்கு ஆங்கில எழுத்துகளின் இடம் பிடிக்கிறது. ஹெச்இசட்டுக்கு இரண்டே போதுமாயிருந்தது.