எஃகாலை இருந்த இடத்தில் ஆடுகளம்

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஷெப்பீல்டு நகரம் இருவகையால் புகழ் பெற்றது. ஒன்று எஃகு, மற்றொன்று காற்பந்து. உலகின் மிகப் பழைய காற்பந்துக் கழகம் என ஏற்றுக்கொள்ளப்பட்ட ஷெப்பீல்டு கழகம் 1857-இல் அங்கேதான் தோன்றிற்று. எஃகு வார்த்த நிலமே இளைஞர் பந்தாடும் திடலாக மாறிய வரலாறு ஆசிரியர் அறியத்தக்கது.

நகரின் கிழக்கே, டான் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அட்டர்கிளிப் என்னும் பகுதியில் 1871-இல் பிரவுன் பெய்லி எஃகாலை நிறுவப்பெற்றது. துருப்பிடியாத எஃகை 1913-இல் உருவாக்கிய ஹாரி பிரியர்லி, பின்னர் இவ்வாலையில் பொறுப்பேற்றுப் பணிபுரிந்தார். நம் வீடுகளில் எவர்சில்வர் என வழங்கும் பாத்திரங்கள் அவ்வகை எஃகினால் ஆனவையே.

1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நகரின் எஃகுத் தொழில் நலிந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, பல்லாயிரவர் வேலையிழந்தனர். ஆலை போனபின் எஞ்சும் நிலம் வெறும் நிலமன்று. கசடும் எண்ணெயும் உலோக நஞ்சும் அதில் ஊறியிருக்கும். மண்ணைச் சோதித்து, நஞ்சேறியதை அகற்றி அல்லது மூடி, நல்ல மண் பரப்பிய பின்னரே அங்குக் குழந்தைகளை விளையாட விடலாம்.

நகரவை முதலில் பெரியதொன்றை நாடியது. 1991-இல் நடைபெற்ற உலகப் பல்கலைக்கழக மாணவர் விளையாட்டுக்காக, பிரவுன் பெய்லி ஆலை இருந்த இடத்தில் 25,000 பேர் அமரக்கூடிய டான் பள்ளத்தாக்கு அரங்கம் 1990-இல் திறக்கப்பட்டது. அவ்விழாவுக்கெனக் கட்டிய கட்டடங்களுக்கு ஆன செலவு ஏறத்தாழ 14.7 கோடி பவுன். விழா சில நாளில் முடிந்தது; கடனோ முப்பது ஆண்டுகளுக்கு மேலும் நகர மக்களைத் தொடர்ந்தது. இருக்கைகள் நிறைந்த நாட்கள் சிலவே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெசிகா என்னிஸ் பயின்ற களம் அது என்று பலர் வாதாடியும், பராமரிப்புச் செலவைத் தாங்கவியலாத நகரவை 2013-இல் அதனை மூடி இடித்தது.

வாதாடியவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. எனினும் அதன்பின் எழுந்தது நோக்கத்தக்கது. அதே நிலத்தில் 2015-இல் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதன் அருகே செயற்கைப் புல்தரையுடன், காற்பந்தும் ரக்பியும் ஆடத்தக்க பொதுத்திடல் அமைந்தது. மழை மிகுந்த அந்நாட்டில் இயற்கைப் புல் விரைவில் சேறாகிவிடும். செயற்கைத் தரையோ நாள்தோறும் பல குழுவினரின் ஆட்டத்தைத் தாங்கும்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பெரும் அரங்கம் ஊருக்குப் பெயர் தரலாம். ஆனால் அதைக் காப்பது எளிதன்று. பள்ளியின் பக்கத்தில் உள்ள சிறு திடலுக்கு ஆண்டு முழுவதும் வேலையுண்டு. நிலத்திற்குத் திட்டம் வகுப்போர், திறப்பு விழாவுக்கு எத்தனை பேர் வருவர் என்று எண்ணுவதினும், மறுநாள் மாலை எத்தனை சிறுவர் பந்தோடு வருவர் என்று எண்ணுதல் நன்று.