கஸ்தூரி விலையும் ஜவ்வரிசி மாதிரி மணிகளும்

போன மாதம் பொண்ணுக்கு லீவு விட்டதும் ஆன்லைனில் ஒரு பாக்கெட் வரவழைத்தாள். அரோமா பீட்ஸ். பார்க்க அச்சு அசல் ஜவ்வரிசிதான். அம்மா பாயசத்துக்கு என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

செய்முறை ரொம்பச் சுலபம். நாலு பங்கு மணிக்கு ஒரு பங்கு வாசனை எண்ணெய். 200 கிராம் மணியைக் கண்ணாடி ஜாடியில் கொட்டி, 50 கிராம் எண்ணெய் ஊற்றி, மூடி போட்டு, தினமும் ரெண்டு தடவை குலுக்கணும். ஒரு வாரம் பத்து நாளில் எண்ணெய் முழுக்க உள்ளே போய் மணிகள் காய்ந்துவிடும். அப்புறம் சின்ன வலைப்பையில் கட்டி பீரோவிலோ காரிலோ தொங்கவிட வேண்டியதுதான். நாங்கள் இரண்டு ஜாடி போட்டோம். ஒன்றில் ஆரஞ்சு, இன்னொன்றில் மஸ்க் என்று லேபிள் ஒட்டிய எண்ணெய்.

கண்ணாடி என்று சொன்னதைக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை. ஆரஞ்சு எண்ணெயை ஒரு தெர்மாகோல் கப்பில் ஊற்றித் தராசில் வைத்தேன். கப்பின் அடிப்பாகம் கண் முன்னாடியே கரைந்து, எண்ணெய் தராசுக்குள் போய்விட்டது. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனின் என்ற பொருளுக்குத் தெர்மாகோலைக் கரைக்கும் குணம் உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தராசு போனது போனதுதான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்கள்: "கப்பையே கரைக்குது, இதைப் போய் மோந்து பாக்கச் சொல்றியே. எல்லாம் கெமிக்கல். எங்க காலத்துல கஸ்தூரி, புனுகு, சவ்வாதுன்னு எல்லாமே இயற்கையா இருந்துச்சு."

அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அது இந்தப் பதிவில் வந்து நிற்கிறது.

முதலில் அந்த மணி. அதன் பெயர் எத்திலீன் வினைல் அசிட்டேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. ஓடும் ஷூவின் மெத்தென்ற அடிப்பாகம், ஹாட் க்ளூ கன்னில் போடும் குச்சி, சோலார் பேனலுக்குள் செல்களைப் பொதிந்து வைக்கும் படலம் எல்லாம் இதே வகையறா. சாதாரண பாலித்தீன் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகிவிடும். நடுநடுவே வினைல் அசிட்டேட் வந்தால் அந்த அடுக்கு குலைகிறது. குலைந்த இடங்களில் எண்ணெய் மூலக்கூறுகள் நுழைந்து தங்குகின்றன. பஞ்சின் ஓட்டையில் தண்ணீர் நிற்பது மாதிரி இல்லை இது; பிளாஸ்டிக்கில் எண்ணெய் கரைகிறது, மணி கொஞ்சம் உப்புகிறது. பிறகு வந்த வழியே மெதுவாக வெளியேறுகிறது. எங்கள் தொழிலில் இதற்கு மெமரி லீக் என்று பெயர், தலைவலி. இங்கே அந்த லீக்குக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

வாசனை என்றாலே ஓடிப்போகிற பொருள். காற்றில் பறந்தால்தான் மூக்குக்கு வரும், பறந்துவிட்டால் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட ஒரு திடப்பொருள் வேண்டும். இந்தப் பிரச்சினைக்கு ஈ.வி.ஏ. சமீபத்திய விடை, அவ்வளவுதான். பழைய விடை ஐரோப்பாவில் பொமாண்டர் என்ற பெயரில் கழுத்திலும் இடுப்பிலும் தொங்கியது. பிரெஞ்சு மொழியில் பொம் தாம்ப்ர், அம்பர் ஆப்பிள் என்று அர்த்தம். பிசின்களையும் வாசனைப் பொருள்களையும் பன்னீர் விட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, துளை போட்ட வெள்ளி அல்லது தங்கக் கூட்டில் அடைத்துக்கொள்வார்கள். ஆரஞ்சுச் சுளை போல விரியும் கூடுகளும் பின்னால் வந்தன, ஒவ்வொரு சுளையிலும் ஒரு வாசனை.

இது அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. 1348-இல் பிளேக் பாரிஸை நெருங்கியபோது, பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப் பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவர்களிடம் காரணம் கேட்டார். அவர்கள் கொடுத்த அறிக்கை நம்ம ஊர் ஜோசியருக்கும் புரியும்: 1345-இல் சனி, குரு, செவ்வாய் மூன்றும் கும்பத்தில் சேர்ந்தன, அதனால் காற்று கெட்டது. கெட்ட காற்றுதான் நோய் என்றால் நல்ல வாசனைதான் மருந்து. நோய்க் காற்றுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு உருண்டை. இங்கிலாந்தின் கார்டினல் வுல்சி, மனுக்களோடு வரும் கூட்டத்துக்குள் போகும்போது உள்ளே குடைந்தெடுத்த ஆரஞ்சுப் பழத்தில் காடியும் மூலிகையும் ஊறிய பஞ்சை வைத்து மோந்துகொண்டே நடப்பாராம். அவரிடம் வேலை பார்த்தவர் எழுதி வைத்திருக்கிறார்.

இதில் நமக்குத் தெரிந்த ஒருவரும் வருகிறார். நாஸ்ட்ரடாமஸ். ஆமாம், ஒவ்வொரு வருஷமும் உலகம் அழியப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் வருவாரே, அவரேதான். அடிப்படையில் அவர் மருத்துவர். 1546-இல் ஏக்ஸ் நகரத்துப் பிளேக்கில் வேலை பார்த்தவர். 1555-இல் அழகுப் பொருள்கள், பழ ஜாம்கள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். சைப்ரஸ் மரத்தூள், ஐரிஸ் கிழங்கு, கிராம்பு, வசம்பு, அகில் இவற்றோடு நூற்றுக்கணக்கான சிவப்பு ரோஜாக்களை அரைத்து வில்லையாகத் தட்டி நிழலில் காயவைக்கும் முறை அதில் இருக்கிறது. அதை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். அகிலும் கிராம்பும் கிழக்கிலிருந்து கப்பலேறிப் போனவை. பிரான்சின் பிளேக் மருந்துக்குள் பாதி ஆசியா இருந்திருக்கிறது.

பொமாண்டர் உருண்டைக்கு உடம்பு கொடுத்த பிசின்களில் ஒன்று லாப்டனம். மத்தியதரைக் கடலோரப் புதரில் ஊறும் பிசின். அங்கே மேயும் ஆட்டுக்கிடாக்களின் தாடியில் ஒட்டிக்கொள்ளும், அதைச் சீவி எடுப்பார்கள் என்று ஹெரோடோட்டஸே எழுதியிருக்கிறார். இன்னொன்று நம்ம சாம்பிராணி. சுமத்ராவிலிருந்து போன அந்தப் பிசினை அரபு வணிகர்கள் லுபான் ஜாவி, அதாவது ஜாவாக் குங்கிலியம் என்றார்கள். அது ஐரோப்பிய நாக்கில் உருண்டு பென்சாயின் ஆனது. அதிலிருந்துதான் வேதியியலில் வரும் பென்சீன் என்ற பெயரே. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைக்கும் பிளஸ் டூ கெமிஸ்ட்ரிக்கும் உள்ள உறவு இது.

ஆனால் இந்த உருண்டைகளின் உயிர் பிசினில் இல்லை. கஸ்தூரி, புனுகு, அம்பர் மூன்றிலும் இருந்தது. மூன்றும் விலங்குகளிடமிருந்து வருபவை, மூன்றும் சுலபத்தில் ஆவியாகாதவை. கூட இருக்கும் லேசான வாசனைகளையும் பிடித்து வைப்பவை. அம்பர், ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாவது. செய்தித்தாளில் 'திமிங்கல உமிழ்நீர் கடத்தல்' என்று வருகிறதே, அதுதான். கஸ்தூரி, இமயமலை முதல் சைபீரியா வரை வாழும் கஸ்தூரி மானில் ஆணின் வயிற்றடியில் இருக்கும் சுரப்பி.

கஸ்தூரிக்கு இருந்த மதிப்பு என்ன என்று தேடியபோது எதிர்பாராத இடத்தில் தமிழ் வந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ். கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன துறைமுகம். அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் ஒரு கல் கிடைத்தது. தமிழ்க் கல்வெட்டு. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் வணிகக் குழு. நீலகண்ட சாஸ்திரி இதைப் பற்றி 1932-இல் எழுதினார். பின்னால் பேராசிரியர் சுப்பராயலு திரும்பப் படித்தார். கல் சிதைந்திருந்தாலும் விஷயம் புரிகிறது: துறைமுகத்துக்கு வரும் கப்பல் தலைவர்கள் முதலானோர் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாக ஒரு ஆயம் செலுத்த வேண்டும். இதை நான் மூன்று தடவை படித்தேன். கஸ்தூரி மான் சுமத்ராவில் கிடையாது. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு பனிமலையில் செத்த மானின் சுரப்பி, தமிழ் வணிகர்கள் வரி போடுவதற்கு அளவுகோலாக இருந்திருக்கிறது. இன்றைக்கு நாம் டாலரில் விலை பேசுகிற மாதிரி.

செத்த மான் என்றேன். அம்மாவுக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கஸ்தூரிப் பையில் சுமார் 25 கிராம் இருக்கும். ஒரு கிலோவுக்கு 40 ஆண் மான்கள். கண்ணி வைத்துப் பிடிக்கிறவனுக்கு எது ஆண், எது பெண், எது குட்டி என்று முன்கூட்டித் தெரியாது. கண்ணிக்கும் தெரியாது. ஆகவே 40 என்பது குறைந்தபட்சக் கணக்கு.

புனுகுப் பூனையைக் கொல்ல வேண்டியதில்லை. கூண்டில் அடைத்து, வால் பக்கத்துச் சுரப்பியை அவ்வப்போது வழித்தெடுப்பார்கள், ஆயுள் முழுக்க. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதில் ஒரு துணைக்கதை: ராபின்சன் குரூசோ எழுதிய டேனியல் டீஃபோ, எழுத்தாளராகப் பேர் வாங்குவதற்கு முன்னால் வியாபாரி. 1692-இல் புனுகு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சுமார் 70 புனுகுப் பூனைகளைக் கடனுக்கு வாங்கினார். அதே வருஷம் திவாலானார். அந்தக் காலத்து ஸ்டார்ட்டப்.

மானுக்கு மாற்று வந்தது தற்செயலாக. 1888-இல் ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் வெடிமருந்து தேடிக்கொண்டிருந்தார். டி.என்.டி.க்கு நெருங்கிய உறவான ஒரு சேர்மத்தைச் செய்தார். வெடிமருந்தாக அது உருப்படவில்லை. ஆனால் அறை முழுக்கக் கஸ்தூரி மணந்தது! கஸ்தூரியில் இயற்கையாக இருக்கும் மூலக்கூறுக்கும் இதற்கும் வடிவத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. இயற்கை மூலக்கூறு 15 கார்பன்கள் கொண்ட பெரிய வளையம் என்று ருஜீச்கா நிறுவியதே 1926-இல்தான். அவ்வளவு பெரிய வளையம் நிலைத்து நிற்காது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். 1939-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. மூக்கு மட்டும் இரண்டையும் ஒன்றாகவே படித்தது.

அதன் பிறகு கஸ்தூரி வாசனை அரசவையை விட்டு இறங்கி சோப்புக்கும் சலவைத் தூளுக்கும் வந்தது. நம்ம வீட்டுத் துவைத்த துணி வாசனையில் பாதி பௌர் போட்ட பாதை.

இந்த இடத்தில் 'அறிவியல் மானைக் காப்பாற்றியது' என்று முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். அப்படி இல்லை. பௌர் வழியில் வந்த மஸ்க் சைலீன் எளிதில் சிதைவதில்லை. 1981-இல் ஜப்பானின் தாமா ஆற்று மீன்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். 1990-களில் ஜெர்மனியில் தாய்ப்பாலில். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் அதை அனுமதி வாங்காமல் பயன்படுத்தக் கூடாத பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஓடிப்போகாமல் தங்குவதுதான் கஸ்தூரியின் பெருமை. உடம்பிலும் ஆற்றிலும் அதே வேலையைச் செய்தால் குற்றம். மானும் முழுசாகத் தப்பவில்லை. இந்தியாவில் அதைக் கொல்வதும் கஸ்தூரி விற்பதும் குற்றம், இமயமலைக் கஸ்தூரிக்கு உலகச் சந்தையும் சட்டப்படி மூடியிருக்கிறது. ஆனாலும் நாட்டு மருந்துக்காகக் கள்ள வேட்டை தொடர்கிறது.

ஆகவே அம்மா சொன்னதில் பாதி சரி. எண்ணெய் வாங்கும்போது அதில் என்ன இருக்கிறது, எந்த அளவுவரை பயன்படுத்தலாம் என்று சான்றிதழ் தருகிற கடையில்தான் வாங்க வேண்டும். எங்கள் முதல் பாட்டிலுக்கு அப்படி எதுவும் இல்லை. ஜாடியைக் குலுக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையில் பட்டால் கழுவுங்கள். பையை டாஷ்போர்டு மேல் போடாதீர்கள், பெயின்ட்டை உரித்துவிடும். வாசனை தீர்ந்த மணிகளைக் குப்பையில் கொட்டாமல் திரும்ப எண்ணெய் ஊற்றிக் குலுக்கலாம். பிளாஸ்டிக்தானே, அது எங்கேயும் போகாது.

மறு பாதியைச் சொல்வதற்காக அம்மாவின் அலமாரியிலிருந்த சவ்வாது டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். சவ்வாது என்ற சொல்லே அரபு மொழியில் புனுகைக் குறிக்கும் ஸபாத் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் சிவெட் என்பதும் அதே சொல்தான். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தைப் பொண்ணு படித்தாள். வெள்ளைப் பொடி ஒன்று, அதற்கு அடுத்து 'பெர்ஃப்யூம்'. பூனை இல்லை.

"அப்ப நான் இத்தனை வருஷமா பூசுனது?" என்றார்கள் அம்மா.

"இதேதான் பாட்டி, பொடியில கலந்தது" என்றாள் பொண்ணு, ஜாடியைக் காட்டி.

அம்மா கொஞ்ச நேரம் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மூடி போட்டு அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். தூக்கிப் போடவில்லை.

ஆரஞ்சு மணிகள் மூன்றாவது வாரமே சப்பென்று ஆகிவிட்டன. லிமோனின் சின்ன மூலக்கூறு, நிற்காது. மஸ்க் இன்னும் இருக்கிறது. அந்தப் பை இப்போது பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே. நான் வைக்கவில்லை.