புகைப்போரின் நுரையீரலும் மரபணுக்களும்

ஒரே வயதில் தொடங்கி ஒரே அளவு புகைத்த இருவரில் ஒருவர் ஐம்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சிரைக்கிறார். மற்றவருக்குப் பெரிய தொல்லையில்லை. இதற்கு மரபணுவும் காரணம் என்பதற்கான முதல் சான்று 1963-இல் சுவீடனின் மால்மோ நகரில் கிடைத்தது. இரத்தப் புரதங்களை மின்னோட்டத்தால் பிரித்துக் காட்டும் ஏறத்தாழ 1,500 தாள்களைப் பார்த்துவந்த லாரெல், எரிக்சன் என்ற இரு ஆய்வாளர்கள், அவற்றில் ஐந்தில் மட்டும் ஆல்பா-1 பட்டை இல்லாததைக் கவனித்தனர். அந்த ஐவரில் மூவருக்கு நுரையீரல் நோய் இருந்தது. விடுபட்டிருந்தது ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின். வெள்ளணுக்கள் வெளிவிடும் எலாஸ்டேஸ் நொதி நுரையீரலின் மீள்தன்மையுள்ள இழைகளைத் தின்றுவிடாமல் காக்கும் புரதம் இது. 14-ஆம் குரோமோசோமில் உள்ள மரபணுவின் இசட் வடிவத்தில், புரதத்தின் 342-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் அமர்கிறது. இப்படித் திரிந்த புரதம் கல்லீரலிலேயே திரண்டு தங்கிவிட, நுரையீரலுக்குப் போய்ச் சேர்வது சொற்பமே. புகை அந்தச் சொற்பத்தையும் ஆக்சிஜனேற்றத்தால் செயலிழக்கச் செய்வதோடு, வெள்ளணுக்களையும் கூட்டங்கூட்டமாக வரவழைக்கிறது. குறை மரபணுவில் இருந்தாலும் அதைப் பெருநோயாக வளர்ப்பது புகைதான்.

இக்குறை அரிது; நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் நூற்றில் ஓரிருவரிடமே காணப்படுவது. ஆகவே இதை வைத்துப் பொதுவிதி கூறலாகாது என்பது நியாயமான மறுப்பே. ஆனால் பிரிட்டனில் 2015-இல் வெளியான, ஏறத்தாழ 50,000 பேரின் மரபணு ஆய்வு, மூச்சுத்திறன் குறைந்த கடும் புகைப்பாளர்களையும் ஒருபோதும் புகைக்காதவர்களையும் தனித்தனியே நோக்கி, இரு சாராரிடமும் பெரும்பாலும் ஒரே மரபுக் காரணங்களைக் கண்டது. எனவே புகைப்போருக்கென்றே தனி மரபணுக்களைத் தேடுவதைவிட, நுரையீரல் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் மரபணுக்களைப் பார்ப்பதே பொருத்தம். குறுகிய மூச்சுக்குழாய்களோடு வளர்ந்தவருக்கு இழப்பதற்கு இருப்பு குறைவு. 15-ஆம் குரோமோசோமில் நிக்கோட்டின் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் அமைந்த பகுதி வேறு வகை. அது முதன்மையாக ஒருவர் எவ்வளவு புகைக்கிறார் என்பதை மாற்றி, அதன் வழியே நோயைக் கூட்டுகிறது.

அப்படியானால் எல்லாம் விதிதானே, புகையை விட்டு என்ன பயன் என்று கேட்கலாம். பிளெட்சர், பீட்டோ என்ற ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட லண்டன் ஆண்களைப் பற்றிய ஆய்வு இதற்கு விடை தருகிறது. இழந்த மூச்சுத்திறன் திரும்பாது. ஆனால் எளிதில் பாதிக்கப்படுபவரும் புகையை விட்டுவிட்டால், அதன்பின் அவரது இழப்பு வேகம் புகைக்காதவருடையதை ஒட்டிவந்துவிடும். மரபணுத் தேடலும் நிற்கவில்லை; 2023-க்குள் மூச்சுத்திறனோடு தொடர்புள்ள மரபு அடையாளங்கள் ஆயிரத்தைத் தாண்டின. ஆனால் அவற்றுக்கான தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது.