அறுந்த பரம்பரை: துரூயிதர் சரித்திரம் தரும் பாடம்

வாய்மொழியாக வந்த ஞானம் ஒருமுறை மறைந்துவிட்டால் அதனை மீட்டல் கூடுமோ? இவ்வினாவை எழுப்பும் சரித்திரம் ஒன்று மேனாட்டில் உண்டு.

துரூயிதர் என்போர் பண்டைக் கோல் நாட்டிலும் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் வாழ்ந்த கெல்டிய மக்களின் குருமார். கோல் நாடு என்பது இன்றைய பிரான்சு தேசம். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாளில் யூலியஸ் சீசர் எழுதிய யுத்த வரலாற்றிலே இவர்களைப்பற்றி முதன்முதல் வாசித்தேன். மாணாக்கர் சிலர் இருபது ஆண்டுகள் வரை தங்கியிருந்து பாடல்களை மனனஞ் செய்தனர். ஏனைய கருமங்களுக்குக் கிரேக்க எழுத்தைக் கையாண்டும் சமயபாடங்களை எழுதிவைத்திலர். ஆன்மா உடல்விட்டு உடல் புகும் எனப் போதித்தனர் என்பது சீசர் கூற்று. குருகுலமும் மறுபிறப்பும் ஐரோப்பாவிலும் இருந்தனவோ என அன்று வியந்தேன்.

கி.பி. 60 அளவில் உரோமப் படை மோனா என்னும் ஆங்கிள்சித் தீவினுட் புகுந்து அவர்களுடைய புனிதச் சோலைகளை அழித்தது. பின்னர் கிறிஸ்து சமயமும் பரவ, குருசீட பரம்பரை அற்றுப்போயிற்று. எழுதாப் பாடல்கள் பாடினவரோடு மறைந்தன.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் சிலர்க்குத் துரூயிதர்மேல் ஆர்வம் பிறந்தது. வில்லியம் ஸ்ரூக்லி என்பார் 1740 இல் வெளியிட்ட நூலில் ஸ்ரோன்ஹெஞ் என்னும் பெருங்கல் வட்டம் துரூயிதர் கோயிலே என வாதித்தார். ஆனால் அதன் முதல் வேலை கி.மு. 3000 அளவில் தொடங்கிற்று. துரூயிதரைப்பற்றிய எழுத்துச் சான்றுகளோ அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துப் பிற்பட்டவை. இயோலோ மோர்கனூக் என்னும் வேல்சுப் புலவர் 1792 இல் இலண்டன் மாநகரில் ஒரு குன்றின்மேற் சடங்கொன்றை நடத்தி, அது பண்டைக்காலந்தொட்டு வருவதென்றார். தாமே புனைந்த பலவற்றை அவர் பழஞ்சுவடிகளாகக் காட்டியதைப் பிற்கால ஆராய்ச்சி வெளிப்படுத்திற்று.

இதற்கிடையில் உண்மையான வழியொன்றும் திறந்தது. 1786 இல் சேர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திற் பிறந்தவை என்றார்; கெல்டிய மொழிக்கும் அவ்வுறவு உண்டெனக் கருதினார். அவருடைய தந்தையார் பிறந்தது அதே ஆங்கிள்சித் தீவில் என்பது ஒரு விந்தை. கோல் மொழியின் 'ரிக்ஸ்' என்பதும் வடமொழி 'ராஜன்' என்பதும் உறவுச் சொற்கள். துரூயிதர் என்ற பெயரின் ஈற்றில் நிற்பது 'வேதம்' என்பதிலுள்ள 'வித்' என்னும் வேரே என்பது பலர் துணிபு.

1963 இல் அமெரிக்காவின் கார்ல்டன் கல்லூரி மாணவர், சமய ஆராதனைக்குக் கட்டாயமாகச் செல்லவேண்டும் என்ற விதியை எதிர்த்து, விளையாட்டாகத் துரூயிதர் சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டில் விதி நீங்கிற்று, வழிபாடோ நீங்கவில்லை. 1970 இல் கலிபோர்னியாச் சர்வகலாசாலையில் மந்திரவித்தையைப் பாடமாகக்கொண்டு பட்டம் பெற்ற ஐசக் பொனவிற்ஸ் அவ்வியக்கத்திற் சேர்ந்திருந்தவர். 1983 இல் அவர் வேறொரு சங்கம் நிறுவினார். வேத, உரோம, ஐரிஷ் வழிபாடுகளை ஒப்புநோக்கி, தீ, கிணறு, மரம் என்பவற்றை நடுவாக வைத்து, தேவர்க்கும் முன்னோர்க்கும் படையலிடும் கிரியைகளை அவர்கள் வகுத்தனர். தமக்கு அறுபடாத பரம்பரை உண்டென அவர்கள் உரிமை கோரவில்லை. இந்நேர்மை மெச்சத்தக்கது.

எனினும் மொழியுறவு இரத்த உறவாகாது. 'ஆரியர்' என்ற சொல்லைக் குலப்பெருமையாக்கி ஹிட்லரின் ஆட்சி செய்த கொடுமையை உலகம் அறியும். நமது தமிழோ திராவிடக் குடும்பத்தது; நம் ஆலயங்களில் ஒலிக்கும் வடமொழி மந்திரங்களே கெல்டியத்துக்கு மொழிவழிச் சுற்றம்.

தில்லையிற் செல்லரித்த ஏடுகளிலிருந்து தேவாரம் மீட்கப்பட்டபின், பண்ணை அறிவிக்க நீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி வேண்டியிருந்தார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு சொல்லைக் காத்தது. இசையை ஓர் உயிர் காத்தது. துரூயிதர்க்கு ஏடுமில்லை, அப்பெண்மணியும் இல்லை. ஒப்பாராய்ச்சி வேர்ச்சொற்களைத் தரும், பாடல்களைத் தராது.

நமது மூத்தோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் பாடக் கேட்டு, கூடப் பாடிப் பழகுவது இளைஞராகிய நமது கடன். ஐயமுள்ளதை வினவுவோம், இல்லாத பழமையைக் கட்டாதிருப்போம்.