கோடரிக்கு முன் ஒரு பணிப்பெண்

ஐஸ்லாந்தின் வடபகுதியில் திரிஸ்தாபார் என்றொரு இடம் உண்டு. மூன்று சிறு மேடுகள். 1830ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் அங்கே சிரச்சேதம் செய்யப்பட்டனர். அந்நாட்டில் நிறைவேற்றப்பெற்ற கடைசி மரண தண்டனை அதுவே.

அப்பெண் ஆக்னஸ் மாக்னூஸ்டோத்திர். 'மாக்னூசின் மகள்' என்பது பிற்பகுதியின் பொருள். நம்மில் பலரைப் போலவே அங்கும் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே உடன்வரும். ஆயினும் அப்பெயரைச் சுமந்தாளேயன்றித் தந்தையின் நிழலில் அவள் வளரவில்லை. மணமாகாத பெற்றோருக்கு 1795இல் பிறந்து, பிறர் வீடுகளில் வளர்ந்து, பண்ணைக்குப் பண்ணை பணிப்பெண்ணாய் அலைந்தவள்.

இறுதியாக அவள் வேலைக்குச் சேர்ந்தது, கடலோரத்து இல்லுகாஸ்தாதிர் பண்ணையில். உரிமையாளர் நாத்தான் கெட்டில்சன் மூலிகை வைத்தியர். பெண்கள் தொடர்பாகப் பெயர் கெட்டவர். 1828 மார்ச்சு மாதத்து இரவொன்றில் அவரும் விருந்தாளி ஒருவரும் கொல்லப்பட்டு, வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டது. ஆக்னஸ், பிரீத்ரிக் என்னும் இளைஞன், சிக்ரீதுர் என்னும் இளம் பணிப்பெண் ஆகிய மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஐஸ்லாந்து அன்று டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்டிருந்தமையால், வழக்கு கோப்பன்கேகன் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சிக்ரீதுருக்கு மட்டும் அரசர் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். வயதில் மூத்த ஆக்னசுக்கு அந்த இரக்கம் கிட்டவில்லை.

அம்மாவட்டத்தில் சிறைச்சாலை இல்லை. எனவே கைதிகள் பண்ணைக் குடும்பங்களின் பொறுப்பில் விடப்பட்டனர். கொலைகாரி எனத் தீர்ப்புப் பெற்றவள் ஒரு குடும்பத்தாரோடு ஒரே கூரையின்கீழ் உண்டு, உறங்கி, உழைத்துத் தன் சாவுக்குக் காத்திருந்தாள்! இந்த விந்தையான நிலைமையே, ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஹன்னா கென்ட் 2013இல் வெளியிட்ட 'பரியல் ரைட்ஸ்' என்னும் நாவலின் கரு. 'அடக்கச் சடங்குகள்' எனலாம். மாணவப் பரிமாற்றத் திட்டத்தில் இளம் வயதில் ஐஸ்லாந்து சென்ற அவர், அங்கேதான் இக்கதையைக் கேட்டார்.

நாவலில் என் மனத்தைத் தொட்டவர் தோத்தி என்னும் இளம் குருவானவர். (ஐஸ்லாந்து லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த நாடு.) ஆக்னசை மனந்திரும்பச் செய்து சாவுக்கு ஆயத்தப்படுத்துவது அவருக்கு இடப்பட்ட பணி. மாவட்ட ஆட்சியாளர் பிளன்டால் எதிர்பார்ப்பது மறையுரையும் எச்சரிக்கையும். தோத்தியோ பேசுவதை விடுத்துக் கேட்கத் தொடங்குகிறார். நீதிமன்றத்தில் கேள்விகளுக்கு விடையளித்தவள், இவர் முன்னிலையில்தான் தன் வாழ்வைச் சொல்கிறாள். ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்த நமக்கு இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவு புரியும்.

ஆயினும் ஒரு தயக்கம் எனக்குண்டு. குற்றுயிராய்த் துடித்த நாத்தானின் வேதனையை முடிக்கவே ஆக்னஸ் கத்தியை எடுத்தாள் என்று நாவல் காட்டுகிறது. இது நாவலாசிரியரின் இரக்கமே தவிர, மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு அன்று. அவள் குற்றமற்றவளாக இருந்தால்தான் நாம் இரங்க வேண்டுமா? குற்றவாளியாகவே இருந்தாலும் அந்தக் கோடரி நியாயமாகிவிடுமா? நாவல் இக்கேள்வியை இன்னும் துணிந்து எதிர்கொண்டிருக்கலாம். 2017இல் சட்ட அறிஞர்கள் இக்காலச் சட்டப்படி ஒரு மாதிரி விசாரணை நடத்தி, ஆக்னசுக்கு 14 ஆண்டுச் சிறையே தகும் என்றனர். விடுதலை என்று அவர்களும் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கோடரியை ஏந்தியவர் கொலையுண்டவரின் உடன்பிறந்தார் குட்முண்டூர். சுற்றுவட்டாரக் குடியானவர்கள் கட்டளைப்படி வந்து பார்த்து நின்றனர். முதலில் பிரீத்ரிக், பின்னர் ஆக்னஸ். தலைகள் கழிகளில் செருகி வைக்கப்பட்டன. விரைவிலேயே யாரோ அவற்றை எடுத்துச் சென்றுவிட்டனர். உடல்கள் மந்திரிக்கப்பட்ட நிலத்தில் அன்றி, வெட்டுண்ட இடத்தருகே மண்ணுக்குள் போயின.

1928இல் ஐஸ்லாந்து மரண தண்டனையை அறவே நீக்கியது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1934இல், இருவரின் எச்சங்களும் தோண்டியெடுக்கப்பட்டு, த்யொர்ன் என்னும் ஊரின் கோவில் கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டன. இல்லுகாஸ்தாதிர் பண்ணை அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை.