கடல்கொண்ட பாயா

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, பொத்சுவோலி வளைகுடாவின் கரையில் உள்ளது பாயா. உரோமானியச் செல்வர்கள் ஓய்வுக்காக நாடி வந்த ஊர். ஜூலியஸ் சீசருக்கு இங்கே மாளிகை இருந்தது. பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 138இல் இங்கேதான் உயிர் நீத்தார். இவ்வூரின் களியாட்டங்களைத் தத்துவ அறிஞர் செனெக்கா வெறுத்து எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு, ஆடம்பரத்தால் அழிந்த ஊர் இது என்று சொல்வோருண்டு. நேரில் பார்ப்பவர்க்கு அந்தத் தீர்ப்பு ஒப்பாது.

பாயாவை ஆக்கியதும் அழித்ததும் அடிநிலத்து நெருப்பே. கம்பி ஃபிளெக்ரேய் என்னும் எரிமலைப் படுகையின்மேல் ஊர் அமைந்திருக்கிறது. செல்வரை ஈர்த்த வெந்நீர் ஊற்றுகள் அந்த நெருப்பின் கொடை. இங்குள்ள எரிமலை மண்ணைச் சுண்ணாம்புடன் குழைத்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் காரை கிடைக்கும். கடலுக்குள் கட்டடம் எழுப்பும் துணிவை உரோமானியர்க்குத் தந்தது அதுதான்.

மலைச்சரிவிலுள்ள தொல்லியல் பூங்காவில் ‘மெர்க்குரி கோயில்’ என வழங்கும் குளியல் கூடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 21 மீட்டர் விட்டமுள்ள அதன் குவிமாடம், உரோமின் பாந்தியன் கோயிலுக்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. உச்சித் துளை வழியே இறங்கும் வெயில், கீழே தேங்கிய நீரில் பட்டுச் சுவரெங்கும் நெளிகிறது. மெல்லப் பேசினாலும் குரல் சுற்றிவந்து காதில் விழுகிறது.

எரிமலைக் குழம்பின் அழுத்தத்தால் இங்கே நிலம் ஏறும், இறங்கும். அப்படி இறங்கியதில் கரையோர மாளிகைகள் கடலுக்குள் போயின. புந்தா எபிதாஃபியோ முனையருகே சுமார் ஐந்து மீட்டர் ஆழத்தில், பேரரசர் கிளாடியஸ் காலத்து விருந்து மண்டபம் கிடக்கிறது. ஒற்றைக்கண் அரக்கனுக்கு மது கொடுக்கும் கிரேக்கக் காப்பிய நாயகன் ஒடிசியஸின் சிலை அங்கே கிடைத்தது. நீருக்குள் இன்று நிற்பது நகல். மூலச்சிலை பாயாக் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது.

எதிர்க்கரையிலுள்ள பொத்சுவோலியின் பழஞ்சந்தையில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் நடுப்பகுதியில் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள், தூண்கள் நீரில் மூழ்கி மீண்டதற்குச் சாட்சி. 1830இல் வெளிவந்த தம் நிலவியல் நூலின் முகப்புப் படமாகச் சார்லஸ் லயல் இத்தூண்களையே வைத்தார்.

கிழக்கத்தியச் சரக்குகள் அலெக்சாந்திரியா வழியாக வந்திறங்கிய துறைமுகமும் பொத்சுவோலிதான். அவ்வூர் வணிகக் குடும்பம் ஒன்று அன்னியஸ் குடும்பம். அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் அடிமை லிசாஸ், கி.பி. 6இல் செங்கடல் துறையான பெரனிகே செல்லும் எகிப்தியப் பாலைவழியில் தன் பெயரைப் பாறையில் பொறித்தான். அன்னியஸ் புளோகாமஸ் என்னும் பெயருடைய ஒருவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஊழியர், காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையை அடைந்ததாக உரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்.

நிலத்தின் ஆட்டம் ஓயவில்லை. 1982க்கும் 1984க்கும் இடையில் பொத்சுவோலி சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. பொம்பேய் பார்க்கச் செல்லும் தமிழர்கள் பாயாவுக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். பொம்பேயின் அழிவு முடிந்துபோன வரலாறு. பாயாவின் வரலாறு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.